குடல் அனுப்பும் முன்தகவல்

ஆரோக்கியமான ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் பரிசோதித்ததில் அவருக்குச் சர்க்கரை 90 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 90 மில்லிகிராம் குளுக்கோஸ் என்பது அதன் பொருள். 5 லிட்டர் என்பது 50 டெசிலிட்டர். பெருக்கிப் பார்த்தால் உடம்பு முழுவதும் ஓடும் ரத்தத்தில் இருக்கும் மொத்தச் சர்க்கரை நாலரை கிராம்தான். மூளைக்கு இரவும் பகலும் தீனி போடும் சரக்கு ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடுகிறது.

இப்போது குளுக்கோஸ் தாங்குதிறன் பரிசோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்யும் பரிசோதனைதான். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, சில நிமிடங்களுக்குள் குடித்து முடிக்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதைப்போல் பதினாறு மடங்குக்கு மேல் சர்க்கரை ஒரே மூச்சில் வயிற்றுக்குள் போகிறது. அத்தனையும் ரத்தத்திலேயே தங்கிவிட்டால் அளவு 1,500-ஐத் தாண்டிவிடும். ஆனால் ஆரோக்கியமான உடலில் அது சற்றே ஏறி, இரண்டு மணி நேரத்தில் 140-க்குக் கீழே வந்து நின்றுவிடுகிறது. பலருக்குக் கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும்.

பள்ளிப் பாடநூல் இதற்குச் சொல்லும் விளக்கம் எல்லோருக்கும் தெரியும். ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள் அதை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்பி, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை வெளியிடுவதையும் நிறுத்துகிறது. இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் சாப்பிட்ட பிறகு சுரக்கும் இன்சுலினில் சிறுபகுதிக்குத்தான் இந்த விளக்கம் போதும். பெரும்பகுதி வேறோர் இடத்தின் உத்தரவால் சுரக்கிறது. அந்த இடம் குடல்.

இதை நிரூபித்த சோதனை மிக எளிமையானது. அதைச் செய்ய 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், அதுவரை ரத்தத்தில் இருக்கும் இன்சுலினை நம்பகமாக அளக்க வழி இல்லாததே. இன்சுலின் மிகமிகச் சிறிய அளவில் ரத்தத்தில் இருக்கும் பொருள். நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கம் ஏற்றிய இன்சுலினையும் எதிர்ப்பொருளையும் வைத்து அதை அளக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1960இல் முழுமையாக வெளியிட்டார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டிருந்தார்.

அளவுகோல் கைக்கு வந்ததும் முடிவுகள் வேகமாக வந்தன. 1964இல் லண்டனில் நீல் மெக்கின்டயரும் அவருடைய சகாக்களும் குளுக்கோஸை ஒருமுறை குழாய் வழியாகச் சிறுகுடலுக்குள்ளும் இன்னொருமுறை ஊசி வழியாகச் சிரைக்குள்ளும் செலுத்திப் பார்த்தார்கள். சிரையில் செலுத்தியபோதுதான் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறியது. இன்சுலினும் அப்போதுதான் அதிகம் சுரந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: குடலுக்குள் செலுத்தியபோதுதான் இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் எல்ரிக் குழுவும் வாய்வழிக் குளுக்கோஸில் இதையே கண்டது.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. சிரைவழியே போன சர்க்கரை சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்குகிறது. வாய்வழியே போனது மெல்ல ஏறி நீண்டநேரம் நிற்கிறது. இரண்டையும் ஒப்பிடுவது சரியா? செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பெர்லியும் கிப்னிஸும் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லாதபடி ஒரு சோதனையை வடிவமைத்து 1967இல் வெளியிட்டார்கள். இந்தத் துறை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது என்பதால் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம்.

முதல் நாள் ஒருவர் வெறும் வயிற்றோடு வருகிறார். குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கிறார். குறித்த இடைவெளிகளில் அவர் ரத்தத்தை எடுத்து, சர்க்கரை எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்கிறார்கள். வேறொரு நாள் அதே மனிதர் மறுபடி வெறும் வயிற்றோடு வந்து படுக்கிறார். இந்த முறை வாய்க்கு எதுவும் இல்லை. சிரையில் குளுக்கோஸ் சொட்டுகிறது. முதல் நாள் வளைகோடு எப்படிப் போனதோ, அதே போக்கில் இன்றைய சர்க்கரையும் போகும்படி சொட்டும் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறார்கள். சரியாகச் செய்தால் இரண்டு வளைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும். பீட்டா செல்லின் கண்ணுக்கு இரண்டு நாட்களும் ஒன்றே; அதை நனைக்கும் ரத்தத்தில் சர்க்கரை ஒரே அளவு. பாடநூல் விளக்கம் முழுமையானது என்றால் இரண்டு நாட்களும் ஒரே அளவு இன்சுலின் சுரக்க வேண்டும்.

சுரக்கவில்லை. சிரைவழியே கொடுத்த நாளில் சுரந்த இன்சுலின், குடித்த நாளில் சுரந்ததில் 30 முதல் 40 சதவீதம்தான் இருந்தது. மீதி 60 முதல் 70 சதவீதம், சர்க்கரை குடலைத் தொட்டுக்கொண்டு போனதால் மட்டுமே சுரந்தது. இந்த வித்தியாசத்துக்கு இன்க்ரெடின் விளைவு என்று பெயர்.

இன்னொரு கணக்கும் இந்தச் சோதனை முறையில் கிடைக்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்த நாளின் வளைகோட்டைச் சிரைவழியே நகலெடுக்க எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படும்? ஏறக்குறைய 25 கிராம் போதும். வாய்வழியே வந்த சர்க்கரையை உடல் அவ்வளவு திறமையாகக் கையாள்கிறது. ஜெர்மனியின் கேட்டிங்கன் நகரத்தில் மைக்கேல் நவுக் 1986இல் இதை மேலும் நீட்டித்தார். ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 25, 50, 100 கிராம் என்று மூன்று அளவுகளில் குளுக்கோஸ் கொடுத்தார். நான்கு மடங்கு சர்க்கரை உள்ளே போயும் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் மூன்றுமுறையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. மாறியது இன்சுலின். வந்திருக்கும் சுமை எவ்வளவு என்று யாரோ கணையத்துக்கு அளந்து சொல்லியிருக்கிறார்கள். ரத்தச் சர்க்கரை மாறாதபோது அந்தச் சேதியை ரத்தச் சர்க்கரை சொல்லியிருக்க முடியாது. என் பார்வையில் ஆரோக்கியம் என்பதற்கு உடலியல் தரக்கூடிய மிக அழகான வரையறைகளில் ஒன்று இந்த மூன்று வளைகோடுகளின் ஒற்றுமைதான்.

குடலிலிருந்து கணையத்துக்கு ரத்தம் வழியாகச் சேதி போகிறது என்ற எண்ணம் 1902இலேயே பிறந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் வேலை செய்தார்கள். இருவரும் மைத்துனர்கள், ஸ்டார்லிங்கின் தங்கையைத்தான் பேலிஸ் மணந்திருந்தார். உணவு முன்சிறுகுடலுக்கு வந்ததும் கணையம் செரிமான நீரைச் சுரக்கிறது. இது நரம்புகளின் வேலை என்று ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் சொல்லிவந்தது. பேலிஸும் ஸ்டார்லிங்கும் மயக்கமருந்து கொடுத்த நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியைக் கட்டித் தனிமைப்படுத்தி, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, ரத்தக்குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தப் பகுதிக்குள் அமிலத்தைச் செலுத்தியபோதும் கணையம் சுரந்தது. பிறகு குடலின் உட்படலத்தைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் சிரைக்குள் செலுத்தினார்கள். கணையம் மறுபடி சுரந்தது. அரைத்த விழுதில் இருந்த பொருளுக்கு செக்ரெடின் என்று பெயரிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்டார்லிங் இப்படிப்பட்ட ரசாயனத் தூதுகளுக்குப் பொதுப்பெயராக ஹார்மோன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ஹார்மோன் என்ற கருத்தே குடலில் பிறந்தது.

செரிமான நீரைத் தூண்டும் தூது இருந்தால், ரத்தத்துக்குள் கணையம் சுரக்கும் பொருளைத் தூண்டும் தூதும் இருக்கக்கூடாதா? லிவர்பூலில் மூரும் அவருடைய சகாக்களும் 1906இலேயே, அதாவது இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, குடல் உட்படலத்தின் சாற்றை நீரிழிவு நோயாளிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பலன் இருப்பதாகத் தோன்றியது, அது நிலைக்கவில்லை. இந்த ஹார்மோன்கள் சிறு புரதங்கள் என்பது இன்று நமக்குத் தெரியும். விழுங்கினால் அவையும் செரிமானமாகிவிடும்.

1921-22இல் டொரன்டோவில் இன்சுலின் கிடைத்ததும் எல்லோருடைய கவனமும் கணையத்தின் மேல் குவிந்தது. பெல்ஜியத்தில் லா பார் மட்டும் குடலை விடவில்லை. 1932இல் இன்க்ரெடின் என்ற பெயரைப் பயன்படுத்தினார். ஆனால் அமெரிக்காவில் ஐவி என்ற பெரிய ஆய்வாளரின் குழு நாய்களை வைத்துச் சோதித்துவிட்டு, 1940 வாக்கில் அப்படி ஒரு பொருள் இருப்பதே ஐயத்துக்குரியது என்று எழுதியது. ஐவி சாதாரண ஆள் அல்லர். பித்தப்பையைச் சுருங்கவைக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற குடல் ஹார்மோனை 1928இல் கண்டுபிடித்தவர் அவர்தான். அவரே இல்லை என்றதும் கால் நூற்றாண்டுக்கு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் காலத்தில் இன்சுலினை அளக்கும் கருவி இல்லை. ரத்தச் சர்க்கரை இறங்குகிறதா என்று மட்டுமே பார்க்க முடிந்தது. ஆரோக்கியமான, பட்டினியாக இருக்கும் விலங்கில் இன்க்ரெடின் சர்க்கரையை இறக்காது. அது ஏன் என்று விரைவில் பார்க்கப்போகிறோம்.

தூதர்கள் இருவர். முதலாமவரைக் கண்டுபிடித்தவர் கனடாவின் வான்கூவரில் ஜான் பிரவுன். பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்த, முழுதும் தூய்மையாகாத ஒரு சாற்றில், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஏதோ ஒன்று கலந்திருப்பதை அவர் கவனித்தார். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் விக்டர் மூட்டுடன் சேர்ந்து அதைச் சுத்தப்படுத்தி, அமினோ அமிலங்களால் ஆன ஒரு சங்கிலி அது என்று 1970களின் தொடக்கத்தில் காட்டினார். பெயர் ஜிஐபி. 1973இல் டூப்ரேயும் பிரவுனும் அதை மனிதர்களுக்கு, குளுக்கோஸோடு சேர்த்துச் சிரைவழியே கொடுத்தபோது இன்சுலின் பெருகியது. அமிலத்தைக் குறைக்கும் பொருளாக அறிமுகமானது இன்சுலினைத் தூண்டும் பொருளாக மாறிவிட்டது.

இரண்டாமவர் வந்த வழி விசித்திரமானது. பாஸ்டனில் ஜோயல் ஹேபனரின் ஆய்வுக்கூடம் தூண்டில்மீன் என்ற கடல்மீனின் கணையத்திலிருந்து, குளுக்ககான் ஹார்மோனுக்கான மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தது. குளுக்ககான் இன்சுலினுக்கு எதிர்த்திசையில் வேலை செய்வது. கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே வரவழைப்பது. அந்த மரபணுவில் குளுக்ககானுக்குப் பக்கத்திலேயே அதைப்போன்ற இன்னொரு சங்கிலியும் எழுதப்பட்டிருந்தது. 1983இல் பாலூட்டிகளின் மரபணுவைப் படித்தபோது அப்படி இரண்டு சங்கிலிகள் இருப்பது தெரிந்தது. முதலாவதுதான் ஜிஎல்பி-1. ஆனால் 37 அமினோ அமிலங்கள் கொண்ட முழுச் சங்கிலியைச் செய்து கொடுத்துப் பார்த்தபோது இன்சுலின் பெரிதாக அசையவில்லை.

ஹேபனரின் ஆய்வுக்கூடம் இருந்த அதே பாஸ்டன் மருத்துவமனையில் வேலைபார்த்த ஸ்வெட்லானா மோய்சோவ், புரதச் சங்கிலிகளை ஆய்வுக்கூடத்தில் கோத்துச் செய்வதில் தேர்ந்தவர். முதல் ஆறு அமினோ அமிலங்களை வெட்டிவிட்டு ஏழாவதிலிருந்து தொடங்கும் துண்டுதான் உண்மையான ஹார்மோன் என்று அவர் கணித்தார். அந்தத் துண்டு குடலில் இயற்கையாகவே இருப்பதையும், எலியின் கணையத்தில் அது மிகமிகச் சிறிய அளவிலேயே இன்சுலினைத் தூண்டுவதையும் அவரும் சகாக்களும் 1980களின் நடுவில் காட்டினார்கள். கோபன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்ட், இரைப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் சிலருக்குச் சாப்பிட்டதும் சர்க்கரை தாழ்ந்துபோவது ஏன் என்ற கேள்வியிலிருந்து கிளம்பி அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். 1987இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஸ்டீவன் புளூம் குழு அதை ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, மனித உடலில் இயற்கையாக வேலை செய்யும் இன்க்ரெடின் இது என்று நிறுவியது. இதில் மோய்சோவின் பங்கு பல ஆண்டுகள் உரிய இடம் பெறாமல் கிடந்தது. காப்புரிமைகளில் தம் பெயரைச் சேர்க்கவே அவர் போராட வேண்டியிருந்தது. 2024இல் லாஸ்கர் விருது ஹேபனருக்கும், இந்த ஹார்மோனை மருந்தாக்குவதில் பங்காற்றிய லோட்டே நுட்செனுக்கும், மோய்சோவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. தாமதமானாலும் இது நடந்தே தீரவேண்டிய திருத்தம்.

இனி குடலுக்குள் போவோம். சிறுகுடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்களில் பெரும்பாலானவை உணவை உறிஞ்சுபவை. அவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஏறக்குறைய நூற்றில் ஒன்று என்ற கணக்கில், ஹார்மோன் சுரக்கும் செல்கள் நிற்கின்றன. ஜிஐபி-யைச் சுரக்கும் கே செல்கள் குடலின் மேற்பகுதியில் அதிகம். ஜிஎல்பி-1ஐச் சுரக்கும் எல் செல்கள் மேலேயும் இருக்கின்றன. கீழே போகப்போக, பின்சிறுகுடலிலும் பெருங்குடலிலும், அடர்த்தியாகின்றன.

இப்படிப்பட்ட ஒரு செல்லின் குறுகிய மேல்முனை, உணவு ஓடும் பாதையை எட்டிப்பார்க்கிறது. அகன்ற அடிப்பாகத்தில் ஹார்மோன் நிரம்பிய நுண்துகள்கள் குவிந்திருக்கின்றன. அதற்கு அடியிலேயே தந்துகி ஓடுகிறது. மேல்முனையில் எஸ்ஜிஎல்டி-1 என்ற கடத்துப் புரதம் உண்டு. அது குளுக்கோஸைத் தனியே உள்ளே விடாது. ஒவ்வொரு குளுக்கோஸோடும் சோடியம் அயனிகளையும் சேர்த்து இழுத்துவரும். சோடியம் மின்னூட்டம் கொண்டது. அது நுழைய நுழைய செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் பாய்ந்ததும் அடியில் காத்திருக்கும் துகள்கள் வெடித்து ஹார்மோனைத் தந்துகிப் பக்கம் கொட்டுகின்றன. அந்தக் கடத்துப் புரதம் இல்லாமல் வளர்த்த எலிகளில் குளுக்கோஸ் கொடுத்தும் இரண்டு ஹார்மோன்களும் வெகுவாகக் குறைந்துபோயின.

இதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். இந்தச் செல் இனிப்பை ருசி பார்ப்பதில்லை. சர்க்கரை உள்ளே நுழையும் வேகத்தை அளக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், ஆரோக்கியமானவர்களின் வயிற்றுக்குள் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பைக் குழாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரையைவிடப் பல நூறு மடங்கு இனிப்பான பொருள். ஜிஎல்பி-1, ஜிஐபி இரண்டுமே அசையவில்லை.

கல்யாண வீட்டில் வாசலில் நிற்பவர், கூட்டம் இறங்குவதைப் பார்த்ததும் பந்தியில் ஆள் உட்காரும்வரை காத்திராமல் சமையல்கட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார். குடல் செய்வதும் அதைத்தான். ஆனால் அந்தச் சேதியை நம்பிக் கணையம் கண்ணை மூடிக்கொண்டு இன்சுலினைக் கொட்டுவதில்லை. இந்த ஏற்பாட்டின் மேதைமை அங்கேதான் இருக்கிறது.

பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைந்து எரிகிறது. எரிவதால் உண்டாகும் ஏடிபி, பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை மூடுகிறது. செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே வந்து, இன்சுலின் துகள்கள் வெளியேறுகின்றன. இதுதான் தொடக்கம். ஜிஐபி-யும் ஜிஎல்பி-1உம் அதே செல்லின் மேற்பரப்பில் தத்தம் ஏற்பிகளில் அமர்ந்து, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைப் பெருக்குகின்றன. அது கால்சியத்தின் வேலையைப் பல மடங்கு வலுவாக்குகிறது. ஆனால் குளுக்கோஸ் தொடங்கிவைக்காவிட்டால் வலுவாக்க எதுவும் இல்லை. ரத்தச் சர்க்கரை பட்டினி நிலையில் இருக்கும்போது இன்க்ரெடின் எவ்வளவு வந்தாலும் இன்சுலின் பெரிதாகச் சுரக்காது. ஐவியின் காலத்துச் சோதனைகள் ஏன் வெறுமையாக முடிந்திருக்கும் என்பது இப்போது புரியும்.

இந்தத் தடை இல்லாவிட்டால் என்ன ஆகும்? கொழுப்பு ஜிஐபி-யை நன்றாகச் சுரக்கவைக்கும். மாவுச்சத்து இல்லாமல் கொழுப்பு மட்டும் சாப்பிட்ட ஒருவருக்கு ஜிஐபி ஏறும், சர்க்கரை ஏறாது. அந்த ஜிஐபி தன்பாட்டுக்கு இன்சுலினைத் தூண்டினால் அவர் மயங்கி விழுவார். அப்படி நடப்பதில்லை. ரத்தச் சர்க்கரை உயராதவரை அந்தச் சேதி கணையத்தில் பதிவாகி, செயலாகாமல் நிற்கிறது. ஒரு பொருளை இன்க்ரெடின் என்று அழைப்பதற்கான நிபந்தனைகளை 1979இல் கேட்டிங்கனின் வெர்னர் கிராய்ட்ஸ்ஃபெல்ட் எழுதியபோது, சர்க்கரை உயர்ந்திருக்கும்போது இன்சுலினைத் தூண்ட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தார்.

ஹார்மோன்களின் ஆயுளும் குறுகியது. டிபிபி-4 என்ற நொதி அவற்றின் நுனியிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கி எறிகிறது. ஜிஎல்பி-1இன் பாதி அளவு இரண்டு நிமிடத்தில் அழிந்துவிடும். குடலின் தந்துகிச் சுவரிலேயே அந்த நொதி காத்திருப்பதால், சுரந்ததில் 10 முதல் 15 சதவீதம்தான் முழுமையாகக் கல்லீரலைத் தாண்டிப் பொது ரத்த ஓட்டத்தை அடைகிறது. அதனால்தான் ஜிஎல்பி-1 தன் சேதியின் ஒரு பகுதியைக் குடலின் அருகிலேயே இருக்கும் வேகஸ் நரம்பின் முனைகளிடம் ஒப்படைக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜிஐபி சற்று நீண்ட ஆயுள் கொண்டது. கோபன்ஹேகனில் இரண்டு ஹார்மோன்களின் ஏற்பிகளையும் தனித்தனியே அடைத்துப் பார்த்த சமீபத்திய சோதனைகளில், ஆரோக்கியமானவர்களிடம் இன்சுலினைத் தூண்டுவதில் பெரிய பங்கு ஜிஐபி-யுடையது என்று தெரிந்தது. இன்று உலகமே ஜிஎல்பி-1 பற்றிப் பேசுகிறது. நோயற்ற உடலில் அன்றாட வேலையைத் தூக்கிச் சுமப்பது பெரிதும் மற்றவர்தான்.

அப்படியானால் ஜிஎல்பி-1 என்ன செய்கிறது? இங்கே ஓர் ஆச்சரியம். 1997இல் நவுக் குழு, ஆரோக்கியமானவர்களுக்கு உணவோடு ஜிஎல்பி-1ஐயும் சிரைவழியே கொடுத்தது. இன்சுலின் கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். குறைந்தது. காரணம், ஜிஎல்பி-1 இரைப்பையின் வாயிலை இறுக்கி உணவை மெல்ல விட்டது. சர்க்கரை ரத்தத்துக்கு வருவதே தாமதமானதால் இன்சுலினுக்கு வேலை குறைந்துபோனது. ஆரோக்கியமான உடலில் ஜிஎல்பி-1 முதலில் இரைப்பையைக் காக்கும் காவலர். இன்சுலினைத் தூண்டுவது அதற்கு அடுத்தது. கூடவே அது குளுக்ககானையும் அடக்கி, உணவு வந்துகொண்டிருக்கும்போது கல்லீரல் தன் கையிருப்பை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறது.

இரைப்பையின் இந்த நிதானம் மிகப் பெரிய விஷயம். அது குடலுக்கு நிமிடத்துக்கு 1 முதல் 4 கலோரி வரைதான் விடுகிறது. 75 கிராம் குளுக்கோஸ் என்பது ஏறக்குறைய 300 கலோரி. மிக வேகமாகப் போனாலும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆரோக்கியமானவர்களுக்குள்ளேயே ஒருவருக்குச் சாப்பிட்டதும் சர்க்கரை 120 வரை ஏறுவதும் இன்னொருவருக்கு 150 வரை ஏறுவதும் உண்டு. அந்த வேறுபாட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இரைப்பை காலியாகும் வேகத்தால் வருகிறது என்று அடிலெய்டின் மைக்கேல் ஹோரோவிட்ஸ் குழு காட்டியது. இரைப்பையைத் தவிர்த்து, குளுக்கோஸை நேரே சிறுகுடலுக்குள் செலுத்தியும் பார்த்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 1 கலோரி வேகத்தில் விட்டால் ஜிஐபி ஏறுகிறது, ஜிஎல்பி-1 அவ்வளவாக அசைவதில்லை. 4 கலோரி வேகத்தில் விட்டால் ஜிஎல்பி-1 எழுந்துவிடுகிறது. மெல்ல வரும் சர்க்கரையைக் குடலின் மேற்பகுதியே உறிஞ்சி முடித்துவிடும். வேகமாக வருவது கீழே வழிந்து எல் செல்கள் அடர்ந்த பகுதிவரை போகும். வெள்ளம் அங்கே தட்டுப்பட்டதும் மேலே இரைப்பைக்கு நிறுத்து என்று உத்தரவு போகிறது.

சோறு சாப்பிடும் நமக்கு நேராகப் பயன்படும் ஓர் ஆய்வு ஜப்பானிலிருந்து 2016இல் வந்தது. ஒரே சோறு, ஒரே மீன் அல்லது இறைச்சி. வரிசை மட்டும் வேறு. சோற்றை முதலில் சாப்பிட்ட நாளைவிட, மீனையோ இறைச்சியையோ முதலில் சாப்பிட்டு 15 நிமிடம் கழித்துச் சோறு சாப்பிட்ட நாளில் சர்க்கரை குறைவாக ஏறியது. இரைப்பை மெதுவாகக் காலியானது; ஜிஎல்பி-1 கூடுதலாகச் சுரந்தது. நீரிழிவு உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பிலும் இந்த மாற்றம் தெரிந்தது. புரதமும் கொழுப்பும் முன்னே போய்க் குடலை எழுப்பிவிட்டதால், சோறு வரும்போது இரைப்பையின் வாயில் ஏற்கெனவே பாதி சாத்தியிருக்கிறது. நம் வழக்கத்தில் தட்டில் முதலில் விழுவது சோறுதான். கூட்டும் பொரியலும் குழம்பும் அதோடு கலந்து போகின்றன. ஆரோக்கியமானவர்கள் இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் முட்டையையோ சுண்டலையோ மீனையோ சோற்றுக்கு முன்னால் சாப்பிடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. பழச்சாறாகவும் குளிர்பானமாகவும் சர்க்கரையைக் குடிப்பது இதற்கு நேரெதிர். திட உணவைப்போல் திரவம் இரைப்பையில் அதிகநேரம் நிற்பதில்லை, குடலுக்கு ஆயத்தமாகும் அவகாசமும் கிடைப்பதில்லை.

இந்த ஏற்பாடு எப்போது தளர்கிறது என்பதையும் நவுக்கே அளந்தார். பெர்லி, கிப்னிஸ் செய்த அதே இரட்டைச் சோதனையை அவர் 1986இல் டைப்-2 நீரிழிவு உள்ளவர்களிடம் செய்தார். குடித்த நாளுக்கும் சிரையில் ஏற்றிய நாளுக்கும் இடையே இன்சுலினில் இருந்த பெரிய இடைவெளி அவர்களிடம் வெகுவாகச் சுருங்கியிருந்தது. குடல் சேதியை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. கணையத்தின் காதில் விழவில்லை. 1993இல் இரண்டு ஹார்மோன்களையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். ஆரோக்கியமான உடலில் பெரும்பங்கு வேலை செய்யும் ஜிஐபி-க்கு நோயாளிகளின் கணையம் ஏறக்குறைய அசையவே இல்லை. ஜிஎல்பி-1ஐக் கூடுதல் அளவில் கொடுத்தபோது இன்சுலின் சுரந்தது. மருந்து செய்பவர்கள் ஜிஐபி-யை ஓரங்கட்டிவிட்டு ஜிஎல்பி-1இன் பின்னால் போனதற்கு அந்த முடிவுதான் காரணம். ஓரங்கட்டிய ஜிஐபி-யே பின்னால் டிர்செபடைட் மருந்தில் திரும்பி வந்தது எப்படி என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.